21 மெகாஹெர்ட்ஸில் மட்டும் அறுந்த யுஎஸ்பி இணைப்பு

சிக்யூ டபிள்யூடபிள்யூ என்ற அமெச்சூர் ரேடியோ (ஹாம்) மோர்ஸ் போட்டி நவம்பர் கடைசி முழு வார இறுதியில், 48 மணி நேரம். அதற்கு ஐந்து நாள் முன்பு சோதித்துப் பார்த்தபோது, 21 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டில் அனுப்பியவுடன் ரேடியோவுக்கும் லேப்டாப்புக்குமான யுஎஸ்பி இணைப்பு அறுந்தது. 7, 14 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லை.

அறுந்த பிறகும் லாக் மென்பொருள் (தொடர்புகளைப் பதியும் மென்பொருள்) பழைய பேண்டையே, அதாவது முந்தைய அலைவரிசைப் பகுதியையே, பதிந்துகொண்டிருந்தது. இதுதான் எனக்கு உறுத்தியது. பேண்ட் தவறாகப் பதிவானால் அந்தத் தொடர்பு செல்லாது. போட்டி முடிந்தபின் ஒலிப்பதிவைக் கேட்டு அழைப்புக் குறிகளை (ஒவ்வொரு நிலையத்தின் அடையாள எழுத்துகளை) திருத்துவதும் விதிப்படி கூடாது. எல்லாம் அந்த நேரத்திலேயே சரியாக இருக்க வேண்டும்.

டிரைவரை மாற்றினேன். புதுக் கேபிள், வேறு போர்ட், தனி எர்த் கம்பி, யுஎஸ்பி கேபிளில் கிளிப் ஃபெரைட் (வயரில் புகும் ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப் பொருள்). மூன்று நாள் போனது. ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடில் (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் மின்தடை) அனுப்பினால் மட்டும் கோளாறு வரவில்லை. அப்படியென்றால் ஆன்டெனாவிலிருந்துதான் ஏதோ உள்ளே வருகிறது.

அப்புறம் தற்செயலாகச் சார்ஜரைக் கழற்றினேன். இணைப்பு அசையவில்லை! சார்ஜர் வயரை அளந்தேன்: பிளக்கிலிருந்து லேப்டாப் வரை ஏறக்குறைய 3.5 மீட்டர். 21 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமும் அதுதான். வயரே ஆன்டெனாவாகியிருந்தது.

31 ரகம் என்ற கலவையில் செய்த ஃபெரைட் வளையத்தில், லேப்டாப் பக்கத்து மெல்லிய வயரை ஒன்பது சுற்று சுற்றினேன். கிளிப் ஃபெரைட்டில் ஒரே சுற்றுதான்; சுற்றுகளின் வர்க்கத்துக்கேற்பத்தான் தடை கூடும். அன்றிரவு இரண்டு மணி நேரம் 100 வாட்டில் அனுப்பினேன், ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.