அயர்லாந்துக்குக் குடை எதற்கு?

அயர்லாந்துக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் முதலில் குடையைத்தான் வைப்பார்கள். அதை எடுத்து வெளியே வையுங்கள். அங்கே மழை நேராக விழுவதைவிட, அட்லாண்டிக் காற்றோடு பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிப்பதே அதிகம். கால்வே கடற்கரையில் குடையை விரித்தால் கம்பியெல்லாம் வெளிப்பக்கம் மடங்கி, கையில் காம்புதான் மிஞ்சும். தலையை மூடும் தொப்பியோடு, தையல் வழியே நீர் இறங்காத மழைக்கோட்டு ஒன்று போதும்.

மேற்கே சில இடங்களில் வருடத்துக்குச் சுமார் 225 நாள் மழை. கிழக்குக் கரையில், டப்ளின் பக்கம், 150 நாள்தான். மேற்கிலுள்ள மலைகளே ஈரத்தைப் பெரும்பாலும் கறந்துவிடுகின்றன. ஆனால் பாதி நேரம் வெறும் தூறல். கடையில் ஒதுங்கி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வெயில் எட்டிப் பார்த்தாலும் பார்க்கும்.

குளிருக்குத் தடித்த கம்பளி ஒன்றைவிட மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கு நல்லது. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. டிசம்பரில் டப்ளினில் விடிவதே எட்டரை வாக்கில்தான், மாலை நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்திருக்கும். பார்க்க வேண்டிய இடங்களை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.