காடேறிய விளையைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து குலசேகரம் வரை, பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்களுக்கு முடியவில்லை என்று காடேறிக் கிடக்கும் விளைகள் (மேட்டுநிலத் தோட்டங்கள்) ஏராளம். இருபது, இருபத்தைந்து சென்ட் விளையைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுப்பவர்கள் பலரும் முதல் வேலையாக ஜேசிபியைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரே நாளில் விளையின் பாதி வளம் போய்விடுகிறது.

இங்குள்ள மேட்டுநிலம் பெரும்பாலும் சரள் கலந்த செம்மண். அதன் மேல், ஆண்டுக்கணக்கில் உதிர்ந்த சருகு மக்கி மெல்லிய கருமண்ணாகப் படிந்திருக்கும். கவனிப்பில்லாமல் கிடந்த காலம் நமக்குச் சேர்த்து வைத்த ஒரே சொத்து அதுதான். ஜேசிபி வாளி அதை வழித்து ஓரத்தில் குவித்துவிட்டு, அடியிலிருக்கும் சரளை மேலே கொண்டுவரும். மே மாதம் மொட்டையடித்த சரிவில் ஜூன் மழை இறங்கினால் மிச்சமிருப்பதும் ஓடைக்குப் போகும். 25 சென்ட் விளை என்றால் முதல் ஆண்டு 8 சென்டை மட்டும் திருத்துங்கள். மற்ற இடத்தில் களை பூக்கும் முன் அரிந்து விட்டால் போதும். வெட்டியதை எரிக்காமல் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். ஓடிவரும் மண்ணை அது பிடித்து வைக்கும். கய்யாலை (மண் தடுப்புச்சுவர்) இடிந்திருந்தால், கிளைப்பதற்கு (மண்ணை வெட்டிக் கிளறுவதற்கு) முன்பே அதைக் கட்டிவிட வேண்டும்.

கோரைக் களை இருக்கும் இடத்தில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டுவது அடுத்த தவறு. மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கிடக்கின்றன. சங்கிலி முழுதாக இருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கும்; அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். மண்வெட்டியால் ஆழக் கிளைத்துக் கிழங்கைப் பொறுக்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத்தளிரையும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது. முதல் மழையோடு சென்ட்டுக்கு 200 கிராம் வீதம் தட்டப்பயறு தூவி நெருக்கமாக வளரவிட்டால் கோரை மெலியும். பயறு பூக்கும் பருவத்தில் அதை மண்ணிலேயே மடக்கி, இரண்டு மூன்று வாரம் கழித்து நடவு செய்யலாம். மடக்கிய மறுநாளே நட்டால், பச்சைத்தழை அழுகும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்; நட்ட பயிர் வெளுத்து நிற்கும்.

நம் மண் புளிப்பு (அமில) மண் என்பதால் சுண்ணாம்பு போட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் போடக்கூடாது. பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவிய மண்ணை ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோ எடுத்து வேளாண்மை அலுவலகம் வழியாக அனுப்புங்கள். மரத்தடி, வரப்போரம், பழைய எருக்குழி ஆகிய இடங்களில் எடுத்த மண் தவறான முடிவைத் தரும். புளிப்பு உறுதியானால் பொதுவாகச் சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ சுண்ணாம்பு தேவைப்படும். சுண்ணாம்பையும் சாணத்தையும் சேர்த்துப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சாணத்திலுள்ள தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். மக்கிய தொழுவுரம் சென்ட்டுக்கு 50 கிலோ போதும். மக்காத சாணத்தைக் குவித்து வைத்தால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பிறகு தென்னங்குருத்தைக் குடையும். பட்டுப்போன தென்னங்கட்டைகளை அப்படியே விட்டாலும் இதே தொல்லைதான்.

விளையில் ஏற்கெனவே நிற்கும் தென்னையை ஒரு வருடம் உரம் போட்டுப் பார்த்துவிட்டு, காய்க்கவில்லை என்று வெட்டுகிறார்கள். இதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தென்னையில் பாளைக்கான குருத்து, பாளை வெடிப்பதற்குச் சுமார் 32 மாதங்களுக்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்த பிறகு தேங்காய் முற்ற இன்னும் ஒரு வருடம் ஆகும். எனவே இன்று தரும் உரத்தின் முழுப் பலனை மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் பார்க்க முடியும். அடிமரத்திலிருந்து 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து உரமிடுங்கள். அதற்குள் ஆழமாகக் கிளைத்து வேரை அறுக்க வேண்டாம்.

பழைய வாழை மூட்டிலிருந்து கன்று பெயர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிமிர்ந்து, காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தால் அது முடிக்கொத்து நோய். மரத்தை மட்டும் வெட்டினால் கிழங்கிலிருந்து வரும் கன்றிலும் நோய் இருக்கும். அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்து வாழைக்கும் கொண்டுபோகும். முதலில் அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். நல்ல விளையில் பார்த்து, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள வாள்கன்றாக (குறுகிய வாள் போன்ற இலையுள்ள கன்றாக) வாங்கி நடுங்கள்.

மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கும்) இதே எச்சரிக்கை வேண்டும். இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்த செடியின் கம்பை நட்டால், விளை முழுக்கத் தேமல் நோய்தான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் வழி எளிது: கம்பைச் சிறு துண்டுகளாக்கி நாற்றங்காலில் 4 செ.மீ. இடைவெளியில் நட்டு, தேமல் தெரியும் முளைகளைப் பிடுங்கிவிட்டு, மூன்று வாரம் கழித்து நல்லதை மட்டும் எடுத்து நடுவது. 90 செ.மீ. இடைவெளியில் சென்ட்டுக்கு 50 மூடு (செடி) பிடிக்கும்.

பாழ்கிணற்றில் ஆள் இறக்கித் தூர் வாருவது உயிருக்கே ஆபத்து. அடியில் பிராணவாயு இல்லாமல் இருக்கலாம். இறக்கிய விளக்கு அணைந்தால் யாரும் இறங்கவே கூடாது. அணையாமல் எரிந்தாலும் நச்சுவாயு இல்லை என்று பொருளில்லை. டீசல், பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவும் கூடாது.

கடைசியாக, தாள் வேலை. குமரி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் வேறு வேறாக இருக்கும். இரண்டையும் புலப்படத்தோடு (நில அளவை வரைபடத்தோடு) ஒத்துப்பார்த்து எல்லைக்கல்லைக் கண்டுபிடித்த பிறகே வேலி போடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். தேங்காய், பலா, நல்லமிளகு யாருக்கு, பட்டுப்போன மரத்தை வெட்டினால் தடி யாருக்கு என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.