கல்லூரியிலேயே கேமராவும் எடிட்டிங் லேபும் இருக்கும், தேடிப் பிடியுங்கள்

போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்றதும் வீட்டில் புது லேப்டாப் கேட்டு நிற்காதீர்கள். நீங்கள் படிக்கிற கல்லூரியிலேயே கேமரா, மைக், எடிட்டிங் கம்ப்யூட்டர் எல்லாம் ஏதோ ஓர் அறையில் பூட்டிக் கிடக்க வாய்ப்பு அதிகம். யாரும் அதை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவதில்லை, அவ்வளவுதான். சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். துறைத் தலைவரைப் பார்ப்பதற்கு முன்னால் லேப் உதவியாளரைப் பாருங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன மென்பொருள் இருக்கிறது, எந்த நேரம் லேப் காலி, எந்த ட்ரைபாடுக்குக் கால் ஆடும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. "அண்ணா, கிளாஸ் இல்லாதப்போ நாங்க வந்து உக்காரலாமா?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வேறு துறை மாணவர் என்றால் கடிதம் கேட்பார்கள். "போட்டோ எடிட்டிங் கற்க அனுமதி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது மேஜையிலேயே கிடக்கும். "ஆண்டுமலருக்கு 40 படங்கள் திருத்த, புதன், வியாழன் மாலை 3 முதல் 5 வரை" என்று எழுதிப் பாருங்கள், உடனே கையெழுத்து விழும்.

விஸ்காம் இல்லையா? ஆண்டுமலர்க் குழு, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலகம், நூலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு, பாடங்களைப் படம்பிடிக்கும் அறை என்று ஒரு சுற்று விசாரியுங்கள். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 முதல் சமுதாய வானொலியே நடக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கல்விப் படங்கள் தயாரிக்கிற மையம் இருக்கிறது.

லேபில் உட்கார்ந்ததும் இதைக் கேளுங்கள்: "இதுல சேவ் பண்ணா நிக்குமா?" பல லேப்களில் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகிற டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருப்பார்கள். எனக்கு இது தெரியாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்த சுவரிதழ் அட்டையை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போனேன், மறுநாள் காலை வந்து பார்த்தால் சுத்தமாக ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அரை மணிக்கொரு தடவை கூகுள் டிரைவில் ஏற்றிவிடுகிறேன்.

போட்டோஷாப் இல்லையென்றால் சோர்ந்துபோக வேண்டாம், கிம்ப் என்கிற இலவச மென்பொருள் போதும். அதுவே மாணவர்கள் எழுதியதுதான்: அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கினார்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்கிற இணையதளத்தில் கிம்ப் பாடங்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாவிட்டால் ஃபோட்டோபீ என்கிற எடிட்டர் பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளையும் திறக்கும். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அருமையானது, ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். பழைய கம்ப்யூட்டர் என்றால் ஷாட்கட் போதும்.

தமிழில் போஸ்டர் செய்கிறவர்களுக்கு ஒன்று. லேபில் இருப்பது பழைய போட்டோஷாப் என்றால் யூனிகோடில் 'கொடி' என்று தட்டும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி' லேஅவுட்டைப் போடுங்கள், எழுத்து ஒழுங்காக உட்காரும். கிம்ப்பில் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் கேமரா. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு, லென்ஸ் மூடி எல்லாவற்றையும் எண்ணி, ஏற்கெனவே இருக்கிற குறையை அந்த வரியிலேயே எழுதி, உதவியாளரையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பேட்டரியை முழுசாக சார்ஜ் போட்டுக் கொடுங்கள், அடுத்த தடவை கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்.