வேகமாக வளரும் மரத்தை வீட்டில் நடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் காய்ச்சிக் குடியேறிய முதல் கோடையிலேயே புது வீட்டின் மேற்குச் சுவர் அனல் கக்கத் தொடங்கிவிடும். அதன்பின் நர்சரிக்குச் செல்பவர் கேட்கும் முதல் கேள்வி, "சீக்கிரம் வளர்கிற மரம் எது?" என்பதுதான். கேள்வியில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கேள்வி. நிழல் கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடுபவர்களில் பலர், கிடைத்த பிறகு அந்த மரம் எவ்வளவு பெரிதாகும், எத்தனை ஆண்டுகள் உறுதியாக நிற்கும், நிற்க முடியாத நிலையில் அதை எவ்வாறு அகற்றுவது என்பவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டு மரங்களில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

வேகத்தால் கிடைக்கும் பயனைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை, விதைத்த ஆறேழு மாதங்களில் காய்ப்புக்கு வந்துவிடுகிறது. பப்பாளி ஓராண்டுக்குள் பழம் தருகிறது. சிங்கப்பூர் செர்ரி இரண்டே ஆண்டுகளில் குடைபோல் கிளை விரித்துப் பறவைகளையும் வரவழைக்கிறது. மேற்கு வெயில் சுவரின்மேல் நேராக விழாமல் தடுக்கப்பட்டால், அந்த அறை இரவில் புழுங்குவதும் குறைகிறது. மகிழமோ புன்னையோ அந்த நிலைக்கு வருவதற்குள் வீட்டுக்காரர் பொறுமை இழந்துவிடுவார் என்பதும் உண்மையே.

ஆனால், குறுகிய காலத்தில் உயரம் கூட்டும் மரங்களின் கட்டை பெரும்பாலும் அடர்த்தி குறைந்ததாகவே இருக்கிறது. முருங்கைக் கிளையை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பச்சையாக இருக்கும்போதே தக்கைபோல் முறியும். வீட்டு முன்னால் முருங்கை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் வேதாளத்தைக் காட்டிப் பயமுறுத்தியதற்கு, ஏறி விளையாடும் பிள்ளைகள் கிளையோடு விழுந்துவிடுவார்கள் என்ற அச்சமும் காரணமாக இருந்திருக்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. விரைவில் நிழல் தரும் என்பதற்காக நடப்பட்டிருந்த, வெளியிலிருந்து வந்த மரங்களான குல்மோஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை அவற்றில் நிறைய இருந்தன. நம் ஊர் மரம் என்றால் விழவே விழாது என்பது இதற்குப் பொருளன்று. நடைபாதைக் கான்கிரீட்டுக்குள் வேர் ஓட இடமின்றி நின்ற வேம்பும் காற்றில் சாயத்தான் செய்யும்.

இடத்தை அளக்காமல் நடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. நகரங்களில் பலருக்கு வாய்ப்பது அரை கிரவுண்டுதான். அதாவது முப்பதுக்கு நாற்பது அடி மனை. அதில் வீடு போக, சுற்றிலும் மிஞ்சுவது நான்கைந்து அடிச் சந்து. நன்கு வளர்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் குடையோ எண்பது அடிக்குமேல் பரவக்கூடியது. மனையைவிடப் பெரிய மரத்தை மனையின் மூலையில் நட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சருகைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறார் என்று வருந்துவதில் நியாயமில்லை. சந்தில் பவழமல்லி, கறிவேப்பிலை போன்ற சிறு மரங்களுக்குத்தான் இடமுண்டு. பெரிய மரம் வேண்டுமென்றால் சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி நட வேண்டும். நடும் நாளிலேயே அண்ணாந்து பார்த்து, மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வேரைப் பற்றிய அச்சத்தில் உண்மையும் மிகையும் கலந்திருக்கின்றன. நல்ல நிலையிலுள்ள குழாயை வேர் துளைப்பது அரிது. ஏற்கெனவே கசியும் இணைப்பு, விரிசல் கண்ட சம்ப் தொட்டி, செப்டிக் டேங்க் ஆகியவற்றின் ஈரத்தை நாடிச் சென்று, கிடைத்த இடுக்கில் நுழைந்து, உள்ளே பருத்து அடைப்பை உண்டாக்குகிறது. ஆகவே, மரம் நடுவதற்கு முன் கழிவுநீர்க் குழாய் செல்லும் பாதையை அறிந்து விலகி நடுவதும், கசிவைச் சரிசெய்வதும் அவசியம். கரிசல் மண்ணில் வேறொரு சிக்கலும் உண்டு. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் அந்த மண்ணிலிருந்து வேகமாக வளரும் மரம் கோடையில் நீரை உறிஞ்சும்போது, அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் மண் இறங்கிச் சுவரில் விரிசல் விழ வாய்ப்புண்டு.

நர்சரியில் இருப்பதிலேயே உயரமான கன்றைத் தேர்ந்தெடுப்பதும் பலர் செய்யும் பிழை. சிறிய பையில் எட்டடி உயரம் வளர்ந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டு வளையமாகியிருக்கும்; அப்படியே நட்டால் அந்தச் சுருள் அவிழாமல் பருத்து, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு பெருங்காற்றில் மரம் அடியோடு பெயர்ந்துவிடலாம். மூன்றடிக் கன்றை வாங்கி, பையைக் கிழித்து, சுருண்ட வேர்களைப் பிரித்தோ நறுக்கியோ நடுவது நல்லது. தினமும் தண்டடியில் ஒரு குவளை நீர் ஊற்றினால் வேர் மேலாகவே தங்கிவிடும். கன்று பிடித்த பிறகு, சில நாட்களுக்கு ஒருமுறை, தண்டிலிருந்து தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி, நீர் ஆழமாக இறங்கும்படி விட வேண்டும். முற்றத்தைச் சிமெண்டால் பூசும்போது தண்டை ஒட்டிப் பூசிவிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரம் எல்லை மீறிய பிறகு தலையை மொட்டையாக வெட்டிவிடுவது அடுத்த தவறு. வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் துளிர்கள், மரத்தின் உட்பகுதியில் ஊன்றாமல் மேற்பட்டையில் ஒட்டியவைபோல் வளர்வதால், முந்தைய கிளைகளைவிட எளிதில் முறிகின்றன. வெட்டுவாயில் நீர் தேங்கித் தண்டும் உளுத்துப்போகிறது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழி முருங்கைக்கு மட்டும் பொருந்தும். பி.கே.எம்.1 வகையை அறுவடைக்குப் பின் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் மறுபடி தழைத்துக் காய்க்கும். மற்ற மரங்களில் இளமையிலேயே நேரான ஒரு தண்டை நிலைக்கவிட்டு, கவட்டையாகப் பிரியும் போட்டித் தண்டை நீக்கி, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் கிளைகளை அளவாகக் கழித்துவந்தால் போதும்.

சில மரங்களை வீட்டருகே தவிர்ப்பதே நலம். ஏழிலைப்பாலை பூக்கும் இரவுகளில் அதன் வாசனை சிலருக்குத் தலைவலியைத் தருகிறது. எப்போதும் பச்சையாக வேலிபோல் நிற்கும் கோனோகார்பஸ் மரத்துக்கு, மகரந்த ஒவ்வாமை உள்ளிட்ட காரணங்களால் குஜராத் அரசு 2023-லும் தமிழக அரசு 2025-லும் தடை விதித்தன. மலைவேம்பு ஒட்டுப்பலகைக்காகத் தோப்பில் வளர்க்க வேண்டியது. வாசலில் வளர்க்க வேண்டியதன்று.

என் யோசனை இதுதான்: வேகமாக வளரும் மரத்தைத் தற்காலிக நிழலாக மட்டும் கருதி, நிலையான மரம் ஒன்றையும் அதே நாளில் நட்டுவிட வேண்டும். முற்றத்தின் நல்ல இடத்தை மகிழத்துக்கோ சரக்கொன்றைக்கோ கொடுத்து, எட்டுப் பத்தடி மேற்கே முருங்கையையோ அகத்தியையோ வைக்கலாம். நான்காம் ஆண்டிலிருந்து முருங்கையின் கிளைகளைக் குறைத்து மகிழத்துக்கு வெயில் விட்டு, ஏழாம் ஆண்டுவாக்கில் முருங்கையை முழுமையாக எடுத்துவிடலாம். காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை வெட்ட மனம் வராது என்பதால், அந்த ஆண்டை நடும்போதே எங்காவது குறித்துவைப்பது நல்லது. வெட்டும் அன்று முருங்கைப் போத்து கேட்டுத் தெருவில் யாராவது வருவார்கள். அவர்கள் வீட்டில் எத்தனை அடி இடமிருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.