ஆசனவாய்ப் புற்றுநோய்: கரண்ட் வைக்கும் ஆறு வாரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

ஆசனவாய்ப் புற்றுநோய் என்று பயாப்சியில் தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போது?" பெரும்பாலோருக்கு ஆபரேஷனே தேவைப்படாது. 1970-கள் வரை ஆசனவாயை முழுதாக எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தரமாகப் பை பொருத்துவதுதான் வழியாக இருந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர அறுவை மருத்துவர் நார்மன் நிக்ரோ, ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்கலாம் என்று கீமோவையும் ரேடியேஷனையும் சேர்த்துக் கொடுத்து, அப்படி மூன்று பேருக்குச் செய்ததை 1974-இல் எழுதினார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் உடலிலிருந்து வெட்டியெடுத்த பகுதியில் புற்றே மிச்சமில்லை. ஸ்குவாமஸ் வகை (தோல் போன்ற மேல்படலச் செல்களில் தோன்றும்) ஆசனவாய்ப் புற்றுக்கு உலகம் முழுக்க இன்று தரப்படும் சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான். (ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா', அதாவது சுரப்பிச் செல்களில் தோன்றும் வகை என்றிருந்தால் சிகிச்சைத் திட்டம் வேறு, எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.)

நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் ரேடியேஷன், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நடக்கும். வழக்கமாக 28 அல்லது 30 முறை, மொத்தம் 50 முதல் 54 கிரே (கதிர் அளவின் அலகு). முதல் நாளில் மைட்டோமைசின் என்ற கீமோ ஊசி. அதோடு 5 எஃப்.யு. என்ற இன்னொரு கீமோ மருந்து நான்கு நாள் இடைவிடாமல் பம்ப் வழியாக ஏறும், ஐந்தாவது வாரத்தில் இன்னொரு நான்கு நாள். அதற்குப் பதிலாக கேப்சிடபைன் மாத்திரை கொடுப்பதும் உண்டு.

இந்தச் சிகிச்சையைக் கெடுப்பது இடைவெளி. கரண்ட் நின்ற நாட்களில், சாகாமல் தப்பிய புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகும். தோல் ஆறட்டும் என்று நடுவில் இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துப் பார்த்த பழைய முறையைக் கைவிட்டதும் இதனால்தான். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை கடைசியில் அந்த இடைவெளியில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

தொடங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

ரத்தம் போனால் மூலம், சீழ் வந்தால் பௌத்திரம் என்று மாதக்கணக்கில் கைவைத்தியம் பார்த்தவர்களே இந்த நோயோடு அதிகம் வருகிறார்கள். அது போகட்டும். ஆனால் அந்த மருந்துகளைக் கரண்ட் நாட்களிலும் விடாமல் தொடர்வது தவறு. கடுக்காய்ப் பொடியும் திரிபலாவும் மலத்தை இளக்குபவை. மூன்றாவது வாரத்தில் கரண்டாலேயே வயிற்றுப்போக்கு வரும்போது இவையும் சேர்ந்தால் உடம்பு தாங்காது.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு 5 எஃப்.யு.வோ கேப்சிடபைனோ சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வலிப்புக்கான ஃபெனிடாயின் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறலாம். 'சத்து மாத்திரைதானே' என்று நினைக்கும் ஃபோலிக் ஆசிட்டும் இந்தக் கீமோ மருந்துகளின் நச்சைக் கூட்டும். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டிவிடுங்கள்.

சிலர் உடலில் 5 எஃப்.யு.வைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்து. டி.பி.ஒய்.டி. என்ற மரபணுப் பரிசோதனையில் இது தெரியவரும். முதல் டோஸுக்கு முன் அதைப் பற்றிக் கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை என்றதும் சிலர் அவமானமாக எடுத்துக்கொண்டு மறுக்கிறார்கள். இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. வைரஸ். எச்.ஐ.வி. இருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து ஆபத்து கூடும், சிகிச்சையின்போது ரத்த அணுக்களும் அதிகம் இறங்கலாம். அதற்காகக் கேட்பதுதான், ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி அல்ல. பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அங்கும் புற்றுக்குக் காரணம் அதே எச்.பி.வி. வைரஸ்தான்.

குழந்தை வேண்டும் என்ற எண்ணமிருந்தால் அதைச் சொல்லவேண்டிய நேரம் இது. இடுப்புக்கு வைக்கும் கரண்ட் சினைப்பையை முடக்கிவிடும், விந்தணுவையும் பாதிக்கும். விந்தணுவோ கருமுட்டையோ சேமிப்பதென்றால் முதல் நாள் கரண்டுக்கு முன் முடித்தாக வேண்டும்.

பீடி, சிகரெட்டை 'கரண்ட் முடிந்ததும் விட்டுவிடலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். புகைப்பவருக்குத் தோல்புண் மோசமாகும், சிகிச்சையின் பலனும் குறையும்.

தங்குமிடம், பயணம், காப்பீட்டு அனுமதி மூன்றையும் முன்கூட்டியே முடியுங்கள். தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து போகலாம் என்று கணக்குப் போடுபவர்கள், நான்காவது வாரத்தில் உட்காரவே முடியாமல் தவிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுப்பதே நல்லது. புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பையும் கோடுகளும்

திட்டமிடும் சிடி ஸ்கேனின்போது சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியிருந்ததோ, தினமும் அதே அளவு இருக்க வேண்டும். நிரம்பிய பை சிறுகுடலை மேலே தள்ளி, கதிர் படும் இடத்திலிருந்து விலக்கிவைக்கும். வழக்கமாகச் சிறுநீர் கழித்துவிட்டு 300 முதல் 500 மில்லி தண்ணீர் குடித்து, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் குடல் கீழே இறங்கிக் கதிரை வாங்கும், வயிற்றுப்போக்கு கூடும். மெஷின் தாமதமாகி அடக்க முடியாமல் போனால் டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டுப் போய்வந்து, மறுபடி குடித்துக் காத்திருங்கள். யாருக்கும் தெரியாமல் போய்வந்து மேஜையில் படுப்பதுதான் தவறு.

உடம்பில் போட்ட மைக் கோடுகளைத் தேய்த்துக் கழுவாதீர்கள். மங்கினால் நீங்களே பேனாவால் வரையாதீர்கள்.

தோல்: அதிகம் தவறு நடக்கும் இடம்

ஆசனவாயோடு சேர்த்துத் தொடை இடுக்குக்கும் கரண்ட் படும். இரண்டாம் வாரம் சிவக்கும், மூன்றாம் வாரம் எரியும். நான்காவது வாரத்திலிருந்து மடிப்புகளில் தோல் உரிந்து நீர் கசியும். இது எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவில் வரும். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பயந்து கரண்டை நிறுத்த வேண்டியதில்லை.

மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசுவது, கற்றாழையைச் செடியிலிருந்து வெட்டி அப்படியே தேய்ப்பது, டெட்டால் ஊற்றிக் கழுவுவது எதுவும் வேண்டாம். உரிந்த தோலில் இவை எரியும், கிருமியும் சேரும். துத்தநாகக் களிம்போ சில்வர் களிம்போ கொடுத்திருந்தால், கரண்டுக்குப் போகும் முன் மெல்லத் துடைத்தெடுத்துவிட்டு முடிந்தபின் பூசுங்கள். தடிமனாகப் படிந்த களிம்பு தோலின் மேற்பரப்பில் கதிர் அளவைக் கூட்டும். அந்த இடத்து முடியைச் சவரம் செய்யாதீர்கள்.

தொட்டிக் குளியல்தான் இந்த நாட்களின் பெரிய ஆறுதல். அதையும் பலர் தவறாகச் செய்கிறார்கள். மூலத்துக்குப் பழகிய பழக்கத்தில் கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றி, உப்போ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ போடுவார்கள். டாக்டர் சொல்லாமல் எதையும் கலக்காதீர்கள், வெறும் தண்ணீர் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் பொருந்தும் பிளாஸ்டிக் தொட்டி மருந்துக்கடையில் கிடைக்கும். 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறை மலம் கழித்த பிறகும். எழுந்ததும் தேய்த்துத் துடைக்காமல், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றியெடுங்கள். மடிப்புகளைக் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். சிறுநீர் பட்டு எரிந்தால், கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். நீர்த்துப்போன சிறுநீர் அவ்வளவு எரியாது. வீட்டில் பருத்தி லுங்கி அல்லது நைட்டி போதும், உள்ளாடை வேண்டாம்.

வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதில் பெருமை இல்லை. மலம் கழிக்கப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பவர்கள் எடை இறங்கி, தெம்பு போய், கடைசியில் கரண்டைத் தள்ளிப்போட நேரிடுகிறது. வலி மாத்திரையை வலி ஏறியபின் தேடாமல் மணிக்கணக்கு வைத்துப் போடுங்கள். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் அது போதைப்பழக்கம் ஆவது அரிது. ஆனால் மார்ஃபின் மலத்தை இறுக்கும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். 'அந்த இடத்தை' டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, "பரவாயில்லை" என்று சொல்லி வெளியே வருபவர்கள் ஏராளம். வாரம் ஒருமுறை பார்க்கும்போது நீங்களே கேட்டு, பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடும் வயிற்றுப்போக்கும்

சூடு என்று முட்டையையும் மீனையும் நிறுத்திப் பத்தியம் இருப்பது இங்கே பொருந்தாது. உரிந்த தோலைத் திரும்பக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். வயிறு சரியாக இருக்கும்வரை வழக்கமான சாப்பாடு. போக்கு தொடங்கியதும் கீரை, முழுத் தானியம், பச்சைக் காய்கறி, காரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு இட்லி, குழைந்த சாதம், தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம், கஞ்சி என்று மாறுங்கள். வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். குடியுங்கள்.

போக்கை நிறுத்தும் லோபராமைடு எழுதிக் கொடுத்திருந்தால், வழக்கமான முறை முதலில் இரண்டு மாத்திரை (4 மில்லிகிராம்), பிறகு ஒவ்வொரு முறை நீராகப் போனதும் ஒன்று, நாளொன்றுக்கு 8 மாத்திரைக்கு மேல் இல்லை. காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்திருந்தால் அதைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேப்சிடபைன் சாப்பிடுபவருக்குக் கடுமையான போக்கு வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன் போன் செய்து கேட்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவது

இந்தப் பட்டியலில் உயிரோடு விளையாடும் தவறு இதுதான். மைட்டோமைசின் வெள்ளை அணுக்களை வெகுவாக இறக்கும். அந்த நேரத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால், அது நடு இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டிய காய்ச்சல். விடியட்டும் என்று காத்திருப்பதற்குள் ரத்தத்தில் கிருமி பரவிவிடும். வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், அது காய்ச்சலை மறைத்துவிடும். அதனால் மாத்திரை போடும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வாயிலோ அக்குளிலோ மட்டும்தான், ஆசனவாயில் கூடாது. கேட்காமல் எனிமாவும் வைக்காதீர்கள். வாராந்திர ரத்தப் பரிசோதனையை ஒருமுறைகூடத் தவற விடாதீர்கள்.

5 எஃப்.யு. ஏறும்போதோ கேப்சிடபைன் நாட்களிலோ நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடிக்காதீர்கள். இந்த மருந்து இதய ரத்தக்குழாயை இறுக்கக்கூடியது. மருந்தை நிறுத்தி உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். நீலம் கலந்த ஊதா நிற மைட்டோமைசின் கையில் ஏறும்போது ஊசி போட்ட இடம் சுரீரென்று எரிந்தால், முடியட்டும் என்று பொறுக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தசையையே அரித்துவிடும்.

மெஷின் பழுதாகியோ ஊர் விசேஷத்தாலோ ஒரு நாள் விட்டுப்போனால், சனிக்கிழமை வைப்பதா, ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை வைப்பதா என்று கேளுங்கள். கடைசியில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கடைசி நாளுக்குப் பிறகு

கரண்ட் முடிந்த மறுநாள் தோல் ஆறத் தொடங்காது. இன்னும் ஒன்றிரண்டு வாரம் மோசமாகிவிட்டுத்தான் திரும்பும். தொட்டிக் குளியலையும் வலி மருந்தையும் அதுவரை நிறுத்தாதீர்கள்.

பெண்களுக்குப் பிறப்புறுப்புச் சுவர் ஒட்டிச் சுருங்கும். புண் ஆறியதும், சில வாரங்களில் டைலேட்டர் என்ற குழாயை வழவழப்பு ஜெல் தடவி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சில நிமிடம் உள்ளே வைக்கச் சொல்வார்கள். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, பின்னால் டாக்டர் பரிசோதிக்கவும் இது வேண்டும். கணவர் இல்லாதவருக்கும் வயதானவருக்கும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், நீங்களே கேளுங்கள்.

மூன்றாவது மாத ஸ்கேனில் கொஞ்சம் கட்டி மிச்சம் தெரிந்தால் பதறி உடனே பயாப்சிக்கோ ஆபரேஷனுக்கோ ஓடாதீர்கள். பிரிட்டனில் 940 பேரிடம் நடந்த ஆக்ட் 2 ஆய்வில், 11-ஆவது வாரத்தில் முழுதாகக் கரையாமலிருந்த கட்டிகள் பல, 26-ஆவது வாரத்துக்குள் கரைந்துவிட்டன. சுருங்கிக்கொண்டிருக்கும் கட்டியை விரல் பரிசோதனையால் தொடர்ந்து பார்த்து வந்தாலே போதும். கரண்ட் பட்ட இடத்தில் பயாப்சிக்காகத் துண்டு எடுத்தால், அந்த இடம் ஆறாத புண்ணாக நின்றுவிடவும் கூடும். வளர்கிறது என்றால் மட்டும் தாமதிக்கக்கூடாது, அப்போது ஆபரேஷன் காப்பாற்றும். ஐந்து ஆண்டுகள் வரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. இடையில் குளிக்கும்போது தொடை இடுக்கில் புதிதாகக் கட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.