ஒரு நூல், ஒரு நட்டு: ஈர்ப்பு விசையின் வரலாற்றை வீட்டில் செய்து பார்ப்பது எப்படி

ஈர்ப்பு விசை என்றதும் ஆப்பிள், நியூட்டன், ஐன்ஸ்டைன் என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கதையின் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றை ஊசலை ஆட்டித்தான் கண்டுபிடித்தார்கள், அதை நாமும் ஒரே சாயங்காலத்தில் செய்து பார்த்துவிடலாம்.

கனமான இரும்பு நட்டு ஒன்றைத் தையல் நூலில் கட்டுங்கள். நூலை ஆணியில் சும்மா சுற்றிவிடாதீர்கள், ஆடும்போது வழுக்கி நீளம் மாறிவிடும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக் கதவு நிலையில் பொருத்துங்கள். பிடித்த இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் இருக்கட்டும். நூலின் முனை வரை அளந்தால் கணக்கு தப்பும்.

இப்போது லேசாக, 10 டிகிரிக்கு மேல் போகாமல் இழுத்து விடுங்கள். நட்டு அடிப்புள்ளியைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, ‘பூஜ்யம்’ என்று எண்ணத் தொடங்குங்கள். போய்த் திரும்பி, அதே திசையில் மறுபடி அடிப்புள்ளியைக் கடந்தால் ஒன்று. 50 அலைவுக்கு ஏறக்குறைய 100 விநாடி ஆகும். அதை 50 ஆல் வகுத்தால் அலைவு நேரம். நீளத்தை 39.48 ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும், அதாவது கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் எத்தனை மீட்டர்/விநாடி கூடுகிறது என்பது. 9.7க்கும் 9.9க்கும் இடையில் வந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

அடுத்து 60 டிகிரிக்கு இழுத்து விட்டு, பத்து அலைவு மட்டும் எண்ணுங்கள். ஓர் அலைவுக்கான நேரம் முன்பைவிடக் கூடியிருக்கும். எவ்வளவு அகலமாக ஆடினாலும் அலைவு நேரம் மாறாது என்று கலிலியோ நம்பினார். சிறிய கோணத்துக்குத்தான் அது பொருந்தும் என்பதை டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் தெளிவாக்கினார். ஊசலைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகம் 1673இல் வந்தது.

அதற்குச் சற்று முன்பு, 1672இல், பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கேயென் ஊருக்கு ஊசல் கடிகாரம் ஒன்றைக் கொண்டுபோனார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊரில் கடிகாரம் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும், ஆக ஈர்ப்பு முடுக்கம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல! பூமி சுழல்கிறது, அதனால் நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று 1687இல் நியூட்டன் வாதிட்டபோது, இந்த அளவீடு அவருக்கு நல்ல ஆதாரமாக இருந்தது. துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78, இவ்வளவுதான் வித்தியாசம். நம் ஸ்டாப்வாட்ச்சுக்கு அது சிக்குவது கடினம், அதனால்தான் ரிஷேயை நினைத்தால் எனக்கு அவ்வளவு மரியாதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிச் சோதனை. ஒரே மாதிரி இரண்டு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒன்றில் உப்பு, இன்னொன்றில் அரிசி, இரண்டையும் கழுத்து வரை நிரப்பி, சம நீள நூலில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒரே நேரத்தில் விடுங்கள். எடை வேறு, பொருள் வேறு, ஆனாலும் இரண்டும் ஜோடியாகவே ஆடும். நியூட்டன் இதையே தங்கம், வெள்ளி, ஈயம், மணல், உப்பு, கோதுமை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு பொருளை நகர்த்துவது எவ்வளவு சிரமமோ, பூமியும் அதே விகிதத்தில்தான் அதை இழுக்கிறது. ஏன் இப்படி என்பதற்கு அவரிடம் விடை இல்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஐன்ஸ்டைன் இந்தப் பொருத்தத்தையே அடித்தளமாக்கி, ஈர்ப்பைப் பற்றிய தன் புதிய கோட்பாடான பொதுச் சார்பியலை 1915இல் முடித்தார். பிரெஞ்சு செயற்கைக்கோள் ஒன்று 2016 முதல் 2018 வரை பிளாட்டினத்தையும் டைட்டானியத்தையும் வைத்து இதே கேள்வியைக் கேட்டது, அப்போதும் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

பாட்டில்கள் சீக்கிரமே பிரிந்து ஆடினால் முதலில் நூல்களின் நீளத்தைச் சரிபாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.