மாட்டுப் பண்ணையில் செப்டிக் டேங்க்: குழி வெட்டும் முன் மண்ணைப் பாருங்கள்

பண்ணையில் தங்கி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு வீடு கட்டுகிறோம், கக்கூஸ் வேண்டும், மேஸ்திரி வந்து "அந்த மூலையில நாலு உறை இறக்கிடலாம்" என்கிறார், நாமும் சரி என்றுவிடுகிறோம். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கச் சித்திரையில் வெட்டிய உறிஞ்சுகுழி, ஆடி, ஆவணி வரைக்கும் ஊற்றியதை எல்லாம் குடித்தது. ஐப்பசியில் நாலு நாள் மழை விடாமல் பிடித்ததும் கட்டுத்தரைக்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர் பொங்கி, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி ஓரம் வரைக்கும் வந்து நின்றது. டேங்கைத் திறந்து பார்த்தோம், அதில் ஒரு குறையும் இல்லை. மண்தான் குடிக்க மறுத்துவிட்டது.

மண்ணைப் பார்க்கும் முன் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். கட்டுத்தரை கழுவும் தண்ணீர், பால் கேனும் கறவை மெஷினும் அலசும் தண்ணீர், இவை எதுவும் இந்த டேங்குக்குள் போகக் கூடாது. பாலை மக்கவைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் வீட்டுச் சாக்கடைக்குத் தேவைப்படுவதைப் போலப் பல நூறு மடங்கு, அதோடு பால் கொழுப்பு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். சாணி சாண எரிவாயுக் கலனுக்குப் போகட்டும், கழுவிய தண்ணீர் தீவனப் புல்லுக்குப் பாயட்டும்.

அப்புறம் இடம். கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி, வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி, முடிந்தவரை கிணற்றுக்குத் தாழ்வான பக்கமாகப் பாருங்கள். பால் கேன் அலசுவது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மாடு தினமும் நின்று மிதிக்கும் இடமும் வேண்டாம், குளம்பு பட்டுப் பட்டு மண் தளம் போட்ட மாதிரி இறுகியிருக்கும்.

இடம் பிடித்தபின் பொக்லைன் வைத்து 7, 8 அடிக்கு ஒரு சோதனைக் குழி எடுங்கள். மழை பெய்து ஈரமாக இருந்தால் உள்ளே இறங்காதீர்கள், சுவர் சரியும். மேலிருந்து பார்த்தாலே போதும். செம்மண் எவ்வளவு ஆழம், எங்கே சுக்கான் கல் தொடங்குகிறது, எங்கே பாறை என்று அடிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் சாம்பல் நிறமும் துருச் சிவப்பும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால், இன்று குழி வறண்டு கிடந்தாலும் மழைக்காலத்தில் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறி நிற்கிறது என்று அர்த்தம். கழிவுநீர் இறங்கும் அடிமட்டத்துக்குக் கீழே இன்னும் 4 அடியாவது நல்ல மண் இருக்க வேண்டும். வெடிப்பு விட்ட பாறை கிட்டத்தில் இருந்தால் வடிகட்டாத தண்ணீர் நேராகக் கிணற்றுக்குப் போய்விடும்.

ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிடி மண் எடுத்து நனைத்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நாடா மாதிரி நீட்டிப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நீண்டால் அது களி, தண்ணீர் லேசில் இறங்காது.

கடைசியாக ஊற்றிப் பார்ப்பது, முக்கியமானது இதுதான். ஒரு சாண் அகலத்தில், டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கசியப்போகும் வாய்க்காலின் அடிமட்டம் வரப்போகிற சுமார் 3 அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கடப்பாரை வழித்து மழுங்கிய பக்கச் சுவரைக் கத்தியால் கீறிவிட்டு, அடியில் 5 சென்டிமீட்டர் சரளை போட்டு, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். ஊறவிடாமல் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். கரிசல் என்றால் இன்னும் மோசம், வெடிப்பு வழியாகக் குடகுடவென்று இறங்கும், ஊறி உப்பியபின் ஒரு சொட்டு நகராது. காலையில் சரளைக்கு மேல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் வைத்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். ராத்திரி ஊற்றியது முழுக்க வற்றியிருந்தால் அரை மணிக்கு ஒரு தடவை நிரப்பி 4 மணி நேரம் தொடருங்கள், கடைசி அரை மணிக் கணக்குதான் செல்லும். ஒரே குழியை நம்பாமல் நாலு இடத்தில் செய்யுங்கள்.

2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470 படி 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 வரை என்றால் நீளமாக வெட்டிச் சரளை நிரப்பும் கசிவு வாய்க்கால். 60ஐத் தாண்டினால் அந்த மண்ணை விட்டுவிட வேண்டியதுதான், வடிகட்டித் தொட்டி மாதிரி வேறு வழி பார்க்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாமல் இறங்கினாலும் சந்தோஷப்படாதீர்கள், அந்த மணல் எதையும் வடிகட்டாது.

பொங்கிய அந்த மூலையை நாங்கள் மார்கழியில் இப்படி அளந்தோம், அரை மணியில் அரை சென்டிமீட்டர்தான், அதாவது இரண்டரை மணி நேரக் கணக்கு. மேற்கே புளியமரத்தைத் தாண்டி, கிணற்றை விட்டு நூறடி தள்ளிப் பார்த்ததில் 2 சென்டிமீட்டர் இறங்கியது, 37 நிமிடச் சொச்சம் வருகிறது. அங்கேதான் கசிவு வாய்க்கால் போட்டோம், மாடு ஏறி மிதிக்காமல் சுற்றிலும் கம்பி வேலியும் கட்டிவிட்டோம்.